விக்ரம் 1986, விக்ரம் 2022: பாடி பழசு, காயில் புதுசு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

முதல்லயே சொல்லிடறேன், இன்னைக்கு ரெண்டு படத்தோட கதையையும் முழுசா உடைக்கப் போறேன். 2022ல வந்த விக்ரமை நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. 1986 விக்ரமைப் பாக்காதவங்க இருந்தா, பாஸ் பண்ணிட்டு அதைப் பாத்துட்டு வாங்க. பாக்கலைன்னாலும் பரவால்ல, நான் சொல்லிட்டே வர்றேன்.

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு: "ஒரிஜினலை விட ரீமேக் நல்லா இருக்கிற சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆக்‌ஷன் படம் தமிழ்ல ஏதாவது இருக்கா?" கேட்டதுமே என் வாயில வந்தது விக்ரம். உடனே உள்ளுக்குள்ள ஒரு குரல், "டேய், அது ரீமேக்கே இல்லையே"ன்னு சொல்லுச்சு. சரிதான். உரிமை வாங்கி, சீன் பை சீன் எடுத்த ரீமேக் கிடையாது. ஆனா அதே பேரு, அதே உளவுத்துறை ஆளு, அதே கமல், அதே ராஜ்கமல் கம்பெனி, இளையராஜா போட்ட அதே டைட்டில் பாட்டை எடுத்து அனிருத் மறுபடி ஓட விட்டது. இத்தனை ஒத்துமை இருக்கிற ரெண்டு படத்தை ஒப்பிடாம விட்டா எப்படி?

இதுக்கு எங்க வீட்டு பாஷையில ஒரு வார்த்தை இருக்கு. ரீவைண்டிங்.

எங்கப்பா கணபதி பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருந்தவர். கோயமுத்தூர்ல பாதிப் பேருக்கு இது தெரியும், மத்த ஊர்க்காரங்களுக்காகச் சொல்றேன். தோட்டத்துக் கிணத்து மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. பாடி வார்ப்பு இரும்பு, அது அப்படியே இருக்கும். ஷாஃப்ட் நல்லா இருக்கும். எரிஞ்சது உள்ள இருக்கிற செப்புக் கம்பிச் சுத்துதான். அதை வெட்டி எடுத்துட்டு, புதுக் கம்பி சுத்தி, வார்னிஷ் ஊத்திக் காய வெச்சு மாட்டுவாங்க. இதுல முக்கியமான வேலை, பழைய காயிலை வெட்டுறதுக்கு முன்னாடி எத்தனை சுத்து, எந்த கேஜ் கம்பி, எந்தக் காடியில இருந்து எந்தக் காடிக்குப் போகுதுன்னு எண்ணி எழுதி வெக்கிறது. 'டேட்டா எடுக்கிறது'ன்னு சொல்லுவாங்க. டேட்டா எடுக்காம வெட்டிட்டா அவ்வளவுதான், அந்த மோட்டார் பழைய இழுவைக்கு வராது.

லோகேஷ் கனகராஜ் பழைய விக்ரம்ல இருந்து டேட்டா எடுத்திருக்கார்னு நான் நினைக்கிறேன். அப்பா ஒத்துக்க மாட்டார். இந்த எபிசோடே எங்க ரெண்டு பேர் சண்டைதான்.

முதல்ல பழைய மோட்டாரைப் பாப்போம்.

1986 மே 29ல ரிலீஸ். இயக்கம் ராஜசேகர். அதுக்கு முந்தின வருஷம் கமலையும் சத்யராஜையும் வெச்சு 'காக்கிச் சட்டை' எடுத்தவர். கதை சுஜாதா. படம் தயாராகிட்டு இருக்கும்போதே குமுதத்துல தொடர்கதையாவும் ஓடுச்சு. எஞ்சினியருங்களுக்கு சுஜாதா எப்படின்னு நான் சொல்லணுமா? பெங்களூர் பி.இ.எல்.ல வேலை பாத்தவர். நம்ம ஓட்டு மெஷின் உருவான இடத்துல இருந்தவர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில படிச்சவர், அப்துல் கலாம் படிச்ச அதே காலேஜ். அப்படிப்பட்ட ஆள் எழுதின கதையில என்ன இருக்கும்? ஏவுகணை. அணுகுண்டு தாங்கிப் போற ஒரு இந்திய ஏவுகணையை ஒரு கும்பல் கடத்திடுது. அதை மீட்கணும்.

அந்த ஏவுகணையோட பேரு அக்னிபுத்ரா. நம்ம நாட்டோட நிஜமான அக்னி ஏவுகணை முதல்முதலா சண்டிப்பூர்ல இருந்து கிளம்பினது 1989 மே 22. படம் வந்து மூணு வருஷம் கழிச்சு! நாட்டோட ஏவுகணைத் திட்டம் 1983லயே ஆரம்பிச்சாச்சு, உண்மைதான். ஆனா தமிழ்ப் படத்துல வில்லன் இன்னும் கள்ளக்கடத்தல் தங்க பிஸ்கட்டைப் பொட்டியில வெச்சுட்டு இருந்த காலத்துல, இவங்க ஏவுகணைக்குள்ள இருக்கிற புரோகிராமைப் பத்திப் பேசினாங்க. கூடவே ப்ரீத்தின்னு ஒரு கேரக்டர். லிஸி நடிச்சது. கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு. 'தெரிஞ்ச'ன்னா சும்மா பட்டனைத் தட்டுறவங்க கிடையாது. ஏவுகணையைச் செயலிழக்க வெக்க விக்ரமுக்குத் தேவைப்படுற மூளையே அவங்கதான். அப்பா கம்ப்யூட்டர்னு ஒண்ணை முதல்முதலா பாத்ததே அந்தப் படத்துலதானாம்.

வில்லன் சத்யராஜ், நம்ம ஊர்க்காரர். அந்தப் படத்துல அவர் பேரு சுகிர்தராஜா. அதே வருஷம் ஜூலையில 'கடலோரக் கவிதைகள்' வந்து அவர் ஹீரோவா நின்னுட்டார். ஆனா அப்பா செட்டுக்கு அவர் சுகிர்தராஜாதான். திமிரா, படிச்சவன் மாதிரி, கூலா இருக்கிற வில்லன். அப்பா இன்னைக்கும் சொல்லுவார், "கமலுக்கு எதிர்த்தாப்புல நிக்கறதுக்கு நம்மூர்ல இருந்துதானுங்க ஆள் போவோணும்"னு. எனக்குத் தெரிஞ்சு அப்பா சினிமாவைப் பத்திப் பெருமையாப் பேசுற ஒரே விஷயம் இது.

இவ்வளவும் இருந்தும் படம் எங்க எரிஞ்சு போச்சு?

சலாமியாவுல. ஏவுகணையைத் தேடி விக்ரமும் ப்ரீத்தியும் சலாமியான்னு ஒரு கற்பனை நாட்டுக்குப் போறாங்க. ராஜாவா அம்ஜத் கான், இளவரசியா டிம்பிள் கபாடியா, சொந்தமா ஒரு பாஷை, அதை மொழிபெயர்க்க ஜனகராஜ். தனியாப் பாத்தா செம ஜாலியான ஏரியா. ஆனா இதுக்கு முன்னாடி படம் எங்க இருந்துச்சு? விக்ரமோட மனைவியை அவன் கண்ணு முன்னாடியே கொன்னுட்டாங்க. அம்பிகா நடிச்ச கேரக்டர். அந்த இடத்துல கமல் உடைஞ்சு போறதைப் பாத்தா, இப்பவும் நெஞ்சு அடைக்கும். அதுக்கப்புறம் சலாமியா, இளவரசி, பாட்டு, காமெடி. செத்துப்போன பொண்ணு படத்தை விட்டே காணாம போயிடறா. பழி வாங்கக் கிளம்பினவன் டூரிஸ்ட் ஆயிடறான். அணு ஏவுகணை கவுன்ட் டவுன் ஓடிட்டு இருக்குன்னு நமக்குத் தெரியும், ஆனா படத்துல யாருக்கும் அவசரமே இல்லை.

எங்க ஆஃபீஸ்ல இதுக்கு ஒரு பேர் வெச்சிருக்கோம்: டெமோ நல்லா ஓடும், லோடு குடுத்தா படுத்துக்கும். ஐடியா எல்லாம் பிரமாதம். அந்த ஐடியாவால யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்டா மட்டும் பதில் இருக்காது.

இப்போ 36 வருஷம் தள்ளி வருவோம். 2022 ஜூன் 3.

லோகேஷ் யாருன்னு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஊர்ப்பாசத்துல ஒருக்கா சொல்லிக்கறேன். கிணத்துக்கடவு. பொள்ளாச்சி ரோட்டுல போறவங்க எல்லாரும் தாண்டிப் போற ஊரு. பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, அப்புறம் பேங்க் வேலை, குறும்படம், 2017ல மாநகரம், 2019ல கைதி, 2021ல மாஸ்டர். சினிமாக் குடும்பம் கிடையாது. கமல் படங்களைப் பாத்துப் பாத்தே வளந்த ஆள். அப்படிப்பட்ட ரசிகன் கையில கமலே கிடைச்சா என்ன பண்ணுவான்? ஏவுகணையைப் பெருசாக்குவான், சலாமியாவை கிராஃபிக்ஸ்ல கட்டுவான். நானா இருந்தா அதைத்தான் பண்ணியிருப்பேன்.

அவர் பண்ணினது அதுக்கு நேர் எதிர். ஏவுகணையைத் தூக்கிட்டார். சலாமியா, இளவரசி, பாஷை, எல்லாம் போச்சு. பாடின்னு மிச்சம் வெச்சது ரெண்டே ரெண்டு: அரசாங்கம் ரகசியமா வெச்சிருந்த ஒரு ஆளு, அவனுக்கு நெருக்கமான ஒரு சாவு.

அந்தச் சாவைத்தான் புதுக் கம்பியா சுத்தியிருக்கார். பழைய படத்துல மனைவி சாவுக்கு அரை மணி நேரம்தான் ஆயுசு. இதுல பிரபஞ்சன், விக்ரமோட மகன், போதைப்பொருள் தடுப்புப் போலீஸ்காரன், படம் ஆரம்பிக்கும்போதே செத்தாச்சு. காளிதாஸ் ஜெயராம் வந்து போறதே கொஞ்ச நேரம்தான். ஆனா அவன் சாவு கடைசி நிமிஷம் வரைக்கும் எல்லா சீன்லயும் உக்காந்திருக்கு. ஏன்னா அவன் ஒரு கைக்குழந்தையை விட்டுட்டுப் போயிருக்கான். அந்தக் குழந்தைக்கு இதயக் கோளாறு. பலத்த சத்தம் கேட்டா உயிருக்கே ஆபத்து.

இந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கோங்க. ஒரு ஆக்‌ஷன் படத்துல, ஹீரோ காப்பாத்த வேண்டிய குழந்தைக்குச் சத்தம் ஆகாது! துப்பாக்கி வெடிச்சா வில்லன் சாவான், குழந்தையும் சாகலாம். நான் ஸ்கிரிப்ட் எழுதறவன் இல்லை, கோட் எழுதறவன். ஆனா ஒரு நல்ல கட்டுப்பாடு மொத்த டிசைனையே மாத்தும்கறது எங்க வேலையில தினமும் பாக்குற விஷயம். ஏவுகணை ஊரையே அழிக்கும்னு சொன்னப்போ பயப்படாத நான், வீட்டுக்குள்ள ஒரு சாமான் உருண்டு விழுந்தப்போ சீட்டு நுனிக்கு வந்தேன்.

வெளிநாட்டுல இதுக்கு ஒரு நல்ல ஜோடி இருக்கு. 1995ல ஸ்டாலோன் நடிச்ச 'ஜட்ஜ் ட்ரெட்', அதே காமிக்ஸ்ல இருந்து 2012ல கார்ல் அர்பன் நடிச்ச 'ட்ரெட்'. முதல் படத்துல ஊரெல்லாம் சுத்திக் காட்டினாங்க. ஸ்டாலோன் முகம் தெரியணும்னு ஹெல்மெட்டைக் கழட்டினாங்க. காமிக்ஸ்ல அந்த ஆள் முகத்தையே காட்ட மாட்டான். ரெண்டாவது படத்துல ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடம், ஒரே நாள், ஹெல்மெட் கடைசி வரைக்கும் கழறவே இல்லை. படம் இறுகிடுச்சு. லோகேஷ் படத்துலயும் முகமூடிதான் முதல் பாதி. கர்ணன்ங்கற பேர்ல இருந்த ஒரு குடிகாரக் கிழவனைக் கொன்னுட்டாங்கன்னு விசாரிக்க வர்றார் அமர், அதாவது ஃபஹத் ஃபாசில். கர்ணன் எப்படிப்பட்ட ஆளுன்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. இடைவேளை வரைக்கும் விக்ரம்ங்கற ஆளே நமக்குக் கிடையாது. 67 வயசு சூப்பர் ஸ்டாரை வெச்சுட்டு அவரைக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வதந்தியா மட்டும் காட்டறதுக்கு நெஞ்சுல உரம் வேணும்.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் எங்கடா போச்சுன்னு கேப்பீங்க. பெருசா ஒண்ணும் மிச்சமில்லை, ஒத்துக்கறேன். சந்தனம் வாயில ஒரு சமாச்சாரத்தைக் கடிச்சதும் அடிபட்ட உடம்பு திரும்ப மிருகமா எந்திரிக்குதே, விஜய் சேதுபதி பண்றது, அது ஒண்ணுதான் பாக்கி. ஆனா அந்த ஒண்ணு கதையோட சேந்து வேலை செய்யுது. சந்தனம் விக்கிற சரக்கே அவனை ஓட வெக்குது. ட்ரெட்லயும் வில்லி விக்கிற போதைப்பொருள் வழியாத்தான் வன்முறையையே நமக்குக் காட்டுவாங்க, எல்லாம் மெதுவா, மினுமினுன்னு. பழைய விக்ரம்ல தொழில்நுட்பம் அலமாரியில வெச்ச ஷோகேஸ் பொம்மை. புதுசுல அது ரத்தத்துல கலந்திருக்கு.

வன்முறைன்னு வந்துட்டதால ஒண்ணு சொல்லியே ஆகணும். இதை எடிட்ல வெட்டிடலாமான்னு யோசிச்சேன், வெட்டலை.

ரிலீஸான முதல் வாரம் அப்பாவைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்குப் பக்கத்து சீட்டுல ஒரு பையன், ஏழு வயசு இருக்கும். படத்துக்கு யு/ஏ சர்ட்டிஃபிகேட், அதனால அவங்க வீட்டுல கூட்டிட்டு வந்ததுல சட்டப்படி தப்பில்லை. இடைவேளைக்கு அப்புறம் ஒரு கட்டத்துல அவன் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டான். திரையில ஒரு குழந்தைக்கு சத்தம் ஆகாதுன்னு கமல் தவிச்சுட்டு இருக்கார், இங்க ஒரு குழந்தை அதே படத்தோட சத்தம் தாங்காம காதைப் பொத்திட்டு இருக்கு. கடைசியில ரோலெக்ஸா சூர்யா கத்தியோட வர்ற அந்தச் சில நிமிஷம், தியேட்டரே விசில். நானும் கத்தினேன். திரும்பிப் பாத்தா அந்தப் பையன் அவங்கப்பா தோள்ல முகத்தைப் புதைச்சிருந்தான்.

பழைய விக்ரம்ல குண்டு பாஞ்சா ஆள் கீழ விழுவான், அவ்வளவுதான். வலி தெரியாது. புதுசுல வலி தெரியுது, அதனாலதான் அது நல்ல ஆக்‌ஷன் படம்னு நான் இவ்வளவு நேரம் வாதாடினேன். அதே வலிக்குத்தான் நாங்க விசிலும் அடிச்சோம். இதை ரெண்டையும் எப்படிச் சேத்து வெச்சுக்கறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடலை.

இடைவேளையிலயே அப்பா தீர்ப்பு குடுத்துட்டார். "நல்லாத்தான் எடுத்திருக்கான் பையன். ஆனா இது எங்க விக்ரம் இல்ல சாமி." எங்க விக்ரம்னா என்னப்பான்னு கேட்டதுக்கு, "அதுல சிரிப்பு இருந்துச்சு. இவன் சிரிக்கவே மாட்டேங்கறான்" அப்படின்னார்.

அதுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்து பழைய படத்தைப் போட்டோம். நான் லேப்டாப்ல குறிப்பு எடுத்துட்டு, அப்பா ஒவ்வொரு சீனுக்கும் முன்னாடியே வசனத்தைச் சொல்லிட்டு. அம்மா உள்ளுக்கும் வெளியவும் நடந்துட்டு. அவங்க உக்காந்து எந்தப் படத்தையும் பாக்க மாட்டாங்க, ஆனா எல்லாப் படமும் தெரியும். அம்பிகா செத்துப் போற சீன்ல அம்மா ஒரு தட்டுல முறுக்கைக் கொண்டுவந்து வெச்சுட்டு, திரையைப் பாத்துச் சொன்னாங்க:

"இதுலயும் பொண்டாட்டியத்தான் கொல்றாங்களா?"

நானும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ஏன்னா புது விக்ரம்ல அமரோட மனைவி காயத்ரி, காயத்ரி நடிச்ச அதே பேர்க் கேரக்டர். ஆசையாக் கல்யாணம் பண்ணிக்கிறா, புருஷன் என்ன வேலை பாக்கறான்னுகூட அவளுக்குத் தெரியாது. சந்தனம் ஆளுங்க வீட்டுக்கே வந்து அவளைக் கொன்னுடறாங்க. எதுக்கு? அமருக்குக் கோவம் வரணும். 1986ல அம்பிகா எதுக்குச் செத்தாங்களோ, அதுக்கேதான். 36 வருஷத்துல காயில் மாத்தி, வார்னிஷ் ஊத்தி, எல்லாம் பண்ணி, அந்த ஒரு பழுதை மட்டும் டேட்டாவோட சேத்து அப்படியே சுத்திட்டாங்க. எங்க தொழில்ல இதை 'பழைய பக்கை போர்ட் பண்றது'ன்னு சொல்லுவோம். சிஸ்டம் புதுசு, பிழை பழசு.

இல்லம்மா, புதுசுல ஏஜென்ட் டீனான்னு ஒருத்தங்க இருக்காங்கன்னு நான் வக்காலத்து வாங்கினேன். வசந்தி நடிச்சது. வீட்டு வேலை செய்யற அம்மாவா ஒரு மூலையில நின்னுட்டு இருந்தவங்க, குழந்தைக்கு ஆபத்துன்னதும் யாருன்னு காட்டற இடம். அந்த சண்டைதான் என்னைப் பொறுத்தவரைக்கும் படத்தோட சிறந்த அஞ்சு நிமிஷம். அம்மா அமைதியாக் கேட்டுட்டு, "அவ பொழைச்சாளா?"ன்னாங்க.

பொழைக்கலை.

அம்மா முறுக்குத் தட்டை எங்க பக்கம் தள்ளி விட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

படம் ஓடிட்டே இருந்துச்சு. சலாமியா வந்துச்சு, அப்பா சிரிச்சார். நானும் சிரிச்சேன், ஜனகராஜ் மொழிபெயர்க்கிற இடத்துல சிரிக்காம இருக்கவே முடியாது. கடைசியில ஏவுகணை கிளம்பற நேரம். அதோட புரோகிராமை மாத்தணும், மாத்தத் தெரிஞ்ச ஆள் ப்ரீத்தி. அது பாட்டுக்குக் கடல்ல போய் விழுகுது.

டைட்டில் ஓடறப்போ அப்பா கேட்டார், "ஏஞ்சாமி, அந்தக் கம்ப்யூட்டர் புள்ள புதுப் படத்துல எங்க போச்சு?"

நான் மனசுக்குள்ள புதுப் படத்தை ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்தேன். விக்ரமோட பழைய கூட்டாளிங்க வர்றாங்க. சந்தான பாரதி உப்பிலியப்பனா வர்றார், இளங்கோ குமரவேல் லாரன்ஸா வர்றார். வயசான ஏஜென்ட்டுங்க எல்லாம் துப்பாக்கி எடுக்கிறாங்க. ப்ரீத்தி இல்லை. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு பொண்ணுகூட அந்தப் படத்துல இல்லை. 1986ல, ஊருக்கே கம்ப்யூட்டர்னா என்னன்னு தெரியாத காலத்துல எழுதின கதையில இருந்தாங்க. நான் வேலை பாக்குற டீம்ல பதினோரு பேர்ல அஞ்சு பேர் பொண்ணுங்க, 2022 படத்துல ஒருத்தர்கூட இல்லை.

"ரிடையர் ஆகியிருப்பாங்கப்பா"ன்னேன்.

"அறுபது வயசு இருக்குமா? அதெல்லாம் ரிடையர் ஆகற வயசா? உங்க கமலே அறுபத்தேழுல மெஷின் கன்னு சுடறாரு." அப்பா கடைசி முறுக்கை எடுத்துக்கிட்டார். "அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வரச் சொல்லு. அப்பறம் பாக்கலாம், எது நல்ல படம்னு."

அடுத்த வாரம் டைம் டிராவல், 'இன்று நேற்று நாளை'யில இருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். பாத்துட்டு வந்துடுங்க.